டபிள்யூ123 300டி: இன்ஜின் மாற்றிய வண்டி, ஏற்றத்தில் கிளட்ச் கருகுகிறது, 70இல் உதறுகிறது. அடுத்து என்ன செய்யலாம்?

கோபி வாய்க்கால் · கோபிசெட்டிபாளையம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வண்டி 1983 மெர்சிடிஸ் 300டி, டபிள்யூ123 வரிசை டீசல் கார், ஆட்டோமேட்டிக். எங்க அப்பாரு, அதாவது தாத்தா, 1994இல் கோவையில் ஒரு மில் குடும்பத்திடம் வாங்கினார். அந்த வருஷத்து மஞ்சள் பணம் மொத்தமும் இதற்குத்தான் போனது என்று ஆத்தா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் பெற்றோர் கல்யாணத்துக்குப் போனது, என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது, அப்பாருவைக் கடைசியாக வைத்தியத்துக்குக் கொண்டு போனது எல்லாமே இந்த வண்டியில்தான்.

2009இல் ரேடியேட்டர் ஒழுகி, சூடேறி, வழியிலேயே நின்றுவிட்டது. கொண்டு போய் விட்ட பட்டறையில் இன்ஜின் பிளாக்கே போச்சு என்றார்கள். ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து எடுத்த 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் டீசலையும், அதனுடைய ஐந்து கியர் பெட்டியையும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு இரும்புப் பிளேட் இருக்கிறது. வேன் இன்ஜினுக்கு அந்த வேன் பெட்டி நேராகப் பொருந்தியிருக்க வேண்டுமே, பிளேட் எதற்கு என்று எனக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

இப்போதுள்ள தொல்லைகள்: ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் கருகும் வாடை. ஐந்தாவது கியரில் 80க்குக் கீழே வந்தால் இன்ஜின் திணறுகிறது. 70ஐத் தாண்டினால் தரையில் ஓர் உதறல், கியர் கம்பியில் கை வைத்தால் விரல் கூசுகிறது. கியர் பெட்டியின் முன் பேரிங் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கதவுப் பூட்டுகள் வேலை செய்யவில்லை, அவற்றுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு திருகைச் சொருகி அடைத்து வைத்திருக்கிறார்கள்.

வண்டியை விற்கிற எண்ணமே இல்லை. நெம்ப நாளைக்கு ஓட்ட வேண்டும். வேறு இன்ஜின் மாற்றலாமா, இதையே சரி செய்யலாமா?

ஐந்து சிலிண்டர் · பொள்ளாச்சி

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்தப் பழைய இன்ஜின் எங்கே?

என்னிடமும் 300டி இருக்கிறது, 1981. உங்கள் வண்டியில் வந்தது ஓஎம்617. ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர், 88 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. தாளில் பார்த்தால் இன்றைக்குச் சின்ன ஹேட்ச்பேக்கே அதைவிட அதிகம் தருகிறது. ஆனால் அந்த இன்ஜினுக்குப் பழுது பார்க்க முடியாத நிலை என்பது அபூர்வம். சிலிண்டரில் உலர் லைனர் என்ற உள்ளுறைக் குழாயை அழுத்திப் போட்டிருக்கும், தேய்ந்தால் லைனரை மாற்றிப் புதிதாக போர் போட்டுக்கொள்ளலாம், அதாவது துளையை அளவுக்குக் கடைந்துகொள்ளலாம். சூடேறினால் பெரும்பாலும் போவது மேலே மூடியிருக்கும் ஹெட், பிளாக் அல்ல. பிளாக் போச்சு என்று சொன்னவர் அதை அளந்து பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

டிராவலர் முதலாளி · ஈரோடு

அண்ணா சொல்வது சரிதானுங்க, ஆனால் 617க்குச் சாமான் தேடி அலைய எல்லாராலும் முடியாது. நான் வேறு வழி சொல்கிறேன்.

டெம்போ கம்பெனி மெர்சிடிஸிடம் உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்தது ஓஎம்616 இன்ஜின். டிராவலர், டிராக்ஸ் வண்டிகளில் வந்ததே அதுதான். அதே 616தான் டபிள்யூ123இல் 240டி என்ற பெயரில் வந்தது. 617 என்பதே இந்த 616க்குக் கூட ஒரு சிலிண்டர் சேர்த்த இன்ஜின். போர் (சிலிண்டர் விட்டம்) 90.9, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 92.4 மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒரே அளவு. ஈரோட்டில் இருந்துகொண்டு 616க்குப் பிஸ்டன், வால்வு, நாசில் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எங்களிடம் இரண்டு டிராவலர் ஓடியது, ஒன்று ஹெட்டைத் திறக்காமலே ஐந்து லட்சம் கிலோமீட்டர் பார்த்தது.

கணபதி லேத்து · கோவை

எந்த இன்ஜின் என்ற பேச்சுக்கு அப்புறம் வரலாம். அந்தப் பிளேட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே.

நான் இருபத்தாறு வருஷமாக லேத்து வைத்திருக்கிறேன். பாதி வேலை பம்புசெட்டு, மீதி வண்டி வேலை. நம்மூரில் மோட்டாரையும் பம்பையும் கப்ளிங் போட்டுச் சேர்ப்பது சின்னப் பையனுக்கும் தெரியும். இரண்டு ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ரப்பர் புஷ் மாவாக உதிரும், பேரிங் கத்தும், பம்பு தண்ணீர் கொடுத்துக்கொண்டே செத்துப்போகும். இன்ஜினும் கியர் பெட்டியும் அதே கதைதான். பம்பில் நடுவே நெகிழ்ந்து கொடுக்க ரப்பர் இருக்கிறது. இங்கே கியர் பெட்டியின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்து, அதன் மூக்கு கிராங்க் முனையிலுள்ள பைலட் பேரிங்கில் போய் உட்காருகிறது. மையம் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஷாஃப்ட் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. 3000 ஆர்பிஎம் என்றால் நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை. மூன்று முன் பேரிங் போனதற்குக் காரணம் எனக்கு இதுவாகத்தான் தெரிகிறது.

பெட்டியை இறக்குங்கள். கிளட்சைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீல் மேல் காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை நிறுத்துங்கள். ஊசி முனை, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டை விளிம்பைத் தொட வேண்டும். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, முள் எங்கிருந்து எங்கு போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வருகிற மொத்த அளவில் பாதிதான் உண்மையான விலகல். 0.13 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி.

இன்னொன்றும் பாருங்கள். பிளேட்டில் இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் பின் இருக்கிறதா, வெறும் போல்ட்டு மட்டும்தானா? போல்ட்டு இழுத்துப் பிடிக்கத்தான், இடத்தைக் காட்டுவதற்கு அல்ல. 12 மில்லி போல்ட்டுக்குப் பன்னிரண்டரை ஓட்டை போட்டிருந்தால் அந்த அரை மில்லிக்குள் பெட்டி எங்கே வேண்டுமானாலும் உட்காரும்.

ரிக்கு பட்டறை · திருச்செங்கோடு

லேத்து அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நாங்கள் போர்வெல் ரிக்கில் கம்ப்ரசரையும் இன்ஜினையும் சேர்க்கிறவர்கள். டயல் கேஜ் இல்லாமல் போல்ட்டை முடுக்க விடமாட்டோம்.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. உதறல் வருகிற வேகத்துக்குப் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலில் போடுங்கள். உதறல் நின்றால் இன்ஜின் பக்கம். அப்படியே இருந்தால் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட், நடு பேரிங், டயர் பக்கம். டபிள்யூ123இல் ஷாஃப்ட் இரண்டு துண்டு, முன்னும் பின்னும் ரப்பர் டிஸ்க், நடுவில் தொங்கும் பேரிங். பெட்டி மாற்றும்போது ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள். வெல்டு போட்ட ஷாஃப்ட்டை பேலன்ஸ் போட்டார்களா?

இப்போது கிளட்ச் கருகுவதற்கு வருவோம். அதற்கும் மையத்துக்கும் சம்பந்தமில்லை, அது கணக்கு. இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் பொருந்துகிறதா, பெட்டி பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள், பின் அச்சிலுள்ள பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் என்ன விகிதம் என்று கேட்கவே மாட்டார்கள்.

300டிக்குப் பின் அச்சு 3.46, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.46 சுற்று சுற்றும். வேன்களுக்குப் பாரம் இழுக்க வேண்டும் என்பதால் 4க்கு மேல் கொடுப்பார்கள். கணக்குக்கு 4.3 என்று வைப்போம், வேன் பெட்டியின் முதல் கியர் 4.0 என்று வைப்போம். வேனில் மொத்தப் பெருக்கம் 17.2. அதே பெட்டியை உங்கள் வண்டியில் போட்டால் 4.0 பெருக்கல் 3.46, அதாவது 13.8. இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கிளட்ச் பிளேட் தேய்ந்துதான் ஈடுகட்டுகிறது. பொறவு கருகாமல் என்ன செய்யும்?

ஐந்தாவது கியரும் இதே காரணம். 195/70 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.92 மீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிஷத்துக்கு 868 சுற்று. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால் வேனில் இன்ஜின் 3170இல் சுற்றியிருக்கும். உங்கள் வண்டியில் 2550. 70இல் போனால் 1800கூட வராது. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே எப்படி மூச்சு விடும்?

முதலில் உங்கள் பின் அச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள், நியூட்ரல். ஷாஃப்ட்டில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க, இன்னொன்றை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

கன்டெஸா 89 · கரூர்

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் பழைய 1.5 பெட்ரோல் கன்டெஸா இருக்கிறது. இசுசு 1.8 இன்ஜின் மட்டும் ஒன்று மலிவாக வருகிறது. என் நாலு கியர் பெட்டியிலேயே மாட்டலாமா?

ரிக்கு பட்டறை · திருச்செங்கோடு

மாட்ட வேண்டாமுங்க. 1.8 கன்டெஸா வந்ததே இசுசுவின் ஐந்து கியர் பெட்டியோடுதான். இன்ஜினும் பெட்டியும் ஜோடியாகக் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் காத்திருங்கள். ஷாஃப்ட் நீளம், பின் மவுண்டிங், ஸ்பீடோ கேபிள் எல்லாவற்றையும் அதே வண்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தனி இழை திறவுங்கள், விவரமாகப் பேசலாம்.

கோபி வாய்க்கால் · கோபிசெட்டிபாளையம்

ஒரு வாரம் ஆகிவிட்டது. சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

கிளட்ச் மிதித்துப் பார்த்ததில் உதறல் பாதி குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அப்படியென்றால் இரண்டு பக்கமும் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

பின் அச்சு: சக்கரம் இரண்டு சுற்று, சாக்பீஸ் கோடு மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. என் தம்பி மூன்று முறை எண்ணினான். 3.46தான்.

பெட்டியை இறக்கியதும் பிளேட்டைப் பார்த்தேன். சுற்றிலும் கேஸ் கட்டரில் வெட்டிய அலை அலையான விளிம்பு, ஒரு பக்கம் இன்னமும் கசடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஒரு வேனிலிருந்தும் பெட்டி இன்னொரு வேனிலிருந்தும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது, இரண்டிலும் கம்பெனி முத்திரை வேறு வேறு. டவல் பின் ஒன்றுகூட இல்லை. கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்ததும் நடுவிலிருந்த ஸ்பிரிங் இரண்டு கீழே விழுந்தன. பைலட் பேரிங்கில் உருளைகளே இல்லை, கறுப்புத் தூள் மட்டும் விரலில் ஒட்டியது.

பக்கத்து ஊர் லேத்துக்காரர் டயல் கேஜோடு வந்தார். ஒரு முழுச் சுற்றில் முள் 0.84 போய் வந்தது.

கணபதி லேத்து · கோவை

0.84 என்றால் விலகல் 0.42. நான் சொன்ன அளவுக்கு மூன்று மடங்குக்கும் மேல். இந்த லட்சணத்தில் அந்தப் பெட்டி இத்தனை வருஷம் ஓடியதே பெரிது.

இதைக் கேட்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. வெட்டினவர் இன்னும் ஒரு நாள் செலவழித்து, தடித்த பிளேட்டை லேத்தில் ஏற்றி முகம் எடுத்து, நடு ஓட்டையை போர் போட்டு, மையம் பிடித்த பிறகு இரண்டு டவல் பின் துளைத்திருந்தால் உங்கள் வீட்டுக் காசு இவ்வளவு வீணாகியிருக்காது. கோவையில் அந்த வேலைக்கு ஆளா இல்லை?

நான் புதுப் பிளேட் செய்து தர முடியும். மையத்தை 0.05க்குள் கொண்டு வந்து தருவேன். ஆனால் திருச்செங்கோட்டுக்காரர் போட்ட கணக்கை என் பிளேட் மாற்றாது. இன்ஜின் பக்கத்து உதறல் நிற்கும், கிளட்ச் தொடர்ந்து கருகும். அதனால் நீங்களாகக் கேட்டாலும் இப்போது செய்து தர மாட்டேன். முதலில் எந்த இன்ஜின், எந்தப் பெட்டி, எந்த அச்சு என்று மூன்றையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

டிராவலர் முதலாளி · ஈரோடு

அதனால்தான் 616 என்கிறேன். பிளேட் பிரச்சினையே வராது. 616க்கும் 617க்கும் பின் முகம் ஒன்றுதான், மெர்சிடிஸ் பெட்டி நேராக உட்காரும்.

ஐந்து சிலிண்டர் · பொள்ளாச்சி

உட்காரும், மறுக்கவில்லை. ஆனால் 300டி ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் 72 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர் உள்ள 240டி இன்ஜினைப் போட்டு 3.46 அச்சையும் அப்படியே விட்டால் மறுபடி அதே கதைதான். மெர்சிடிஸ்காரனே 240டிக்கு 3.69 கொடுத்தான். அதே உடல், அதே டயர், இன்ஜின் சின்னது என்பதற்காக அச்சை மாற்றினான். அவனுக்கு அந்த அவசியம் இருந்தது என்றால் நமக்கும் இருக்கிறது.

3.69 போட்டால் நேர் கியரில் (விகிதம் 1) 100க்கு 3200 ஆர்பிஎம். 3.46இல் 3000. பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் ஏற்றத்தில் தெரியும். ஸ்பீடோ கேபிள் பெட்டியிலிருந்து போவதால், அச்சை மட்டும் மாற்றினால் உண்மையில் 100 போகும்போது முள் 106, 107 காட்டும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெம்போ இன்ஜினோடு டெம்போ பெட்டியையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வைத்த முதல் கியர் அது, காரில் போட்டால் கிளம்பின உடனே அடுத்த கியரைத் தேடும்.

அப்புறம் ஐந்து சிலிண்டர் இன்ஜினின் ஆயில் சம்ப், மவுண்டிங் கை, எக்ஸாஸ்ட் எல்லாம் நாலு சிலிண்டருக்கு வராது. 240டி சாமான்களைத் தேட வேண்டும். டெம்போ சம்ப் காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டிராவலர் முதலாளி · ஈரோடு

சம்ப் விஷயம் சரிதானுங்க, அதை நான் யோசிக்கவில்லை. அச்சு பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். கோபியிலிருந்து திம்பம் மலைப்பாதை எவ்வளவு தூரம், ஏறாமலா இருப்பார்? இருபத்தேழு கொண்டை ஊசி.

ஆர்சி புத்தகம் · கோவை

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். ஆர்சியில் இன்ஜின் எண் எது இருக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் மாற்றும் கிட் போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்தது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓவிடம் எழுதிக் கொடுத்து, வாங்கிய ரசீதைக் காட்டி, எண்ணை ஆர்சியில் ஏற்றக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வேறு கம்பெனி வேன் இன்ஜினுக்கு அந்த வாதமே எழாது. விபத்து என்று ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எண் ஒத்துப்போகிறதா என்றுதான்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயதான வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், ஆனால் சேசிஸ், உடல், இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2033இல் ஐம்பது. அப்பாரு வாங்கின இன்ஜினோடு அந்த வருஷத்தை எட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கோபி வாய்க்கால் · கோபிசெட்டிபாளையம்

ஆர்சியில் இருப்பது பழைய எண். முன்னே புதுப்பித்தபோது யாரும் பானட்டைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி புதுப்பிக்க வேண்டும், அது இப்போது உறுத்துகிறது.

சரி, முதல் கேள்விக்குப் பதில். பழைய இன்ஜின் எங்கே?

தோட்டத்துச் சாளையில் இருக்கிறது. பட்டறைக்காரர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றபோது அப்பாரு கொடுக்கவில்லை, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாராம். எனக்கு அப்போது பதினோரு வயது, ஞாபகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய் மட்டையையும் சாக்கையும் விலக்கிப் பார்த்தால், தார்ப்பாய்க்கு அடியில் இன்ஜின், பக்கத்திலேயே ஆட்டோமேட்டிக் பெட்டி, ஒரு டிரம்மில் ஆட்டோமேட்டிக் பெட்டியை இன்ஜினோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட், போல்ட்டுகள், வேக்குவம் பம்பு. போல்ட்டுகளைத் துணியில் முடிந்து, எது எங்கே என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். அப்பாரு கையெழுத்து. பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பிளாக்கில் இருந்த எண் ஆர்சியோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது. பெட்டியில் ஆயில் பேனுக்கு மேல் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன், எண் 722 என்று தொடங்குகிறது, மெர்சிடிஸ் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு உரிய எண்தான்.

ஹெட்டை மட்டும் கோவைக்குக் கொண்டு போய்ச் சாயம் தடவிப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுக்கு நடுவில் மயிரிழை விரிசல். பிளாக்கில் விரிசல் இல்லை. மேல் முகம் லேசாகத்தான் நெளிந்திருக்கிறது, சிலிண்டர் இரண்டில் துரு.

ஐந்து சிலிண்டர் · பொள்ளாச்சி

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நான் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

துரு என்றால் லைனர் மாற்றித் துளைத்தால் தீர்ந்தது. ஹெட் இன்னொன்று தேட வேண்டும், அதற்கு நானும் கூட வருகிறேன். அந்த விரிசலை வெல்டு போட்டுச் சமாளிக்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் காசு அழியும்.

இத்தனை வருஷம் சும்மா கிடந்த பெட்டியை அப்படியே மாட்டக் கூடாது. உள்ளே ரப்பர் சீல்கள் கல்லாகியிருக்கும். பேனை இறக்கிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகளும் போயிற்று. பழுப்பாக மட்டும் இருந்தால் சீல், ஃபில்டரோடு முடியும்.

கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்டரைப் பெட்டிக்குள் வைக்கும்போது சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள், பம்பின் பல்லில் முழுதாக இறங்க வேண்டும். இன்ஜினோடு சேர்க்கையில் பெல் ஹவுசிங் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும், உள்ளே கன்வெர்டர் தாராளமாகச் சுழல வேண்டும். இடைவெளியைப் போல்ட்டு முடுக்கி மூடினீர்களானால் பம்பு உடைந்துவிடும். வண்டி கீழே இறங்கிய பிறகுதான் அது தெரியவரும்.

அடுத்து வேக்குவம். பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டிலேயே வேக்குவம் கிடைக்கும், டீசலில் கிடையாது. அதனால்தான் தனிப் பம்பு. உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்பது, பெட்டி மென்மையாகக் கியர் மாற்றுவது எல்லாமே அந்த ஒரே பம்பை நம்பி இருக்கின்றன. கதவில் ஒரு குழாய் கிழிந்தால் இன்ஜின் அணையாது. கியர் இடித்து இடித்து மாறினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். அந்தத் திருகை எடுத்துவிட்டு எல்லாக் குழாயையும் புதிதாகப் போடுங்கள், சொற்பச் செலவு.

யாராவது பெட்ரோல் பென்ஸ் பெட்டி மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். வெளியே ஒன்றுபோல இருக்கும். உள்ளே, எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்று காட்டும் கவர்னர் பெட்ரோல் இன்ஜினின் வேகத்துக்கு அமைத்தது. முழுதாக மிதித்தால் அடுத்த கியருக்கு மாறுகிற வேகத்தை உங்கள் 4400 ஆர்பிஎம் டீசல் எட்டவே எட்டாது.

ரிக்கு பட்டறை · திருச்செங்கோடு

அச்சு 3.46 அப்படியே இருக்கிறது, அதற்கென்றே பிறந்த இன்ஜினும் பெட்டியும் சாளையில் இருக்கின்றன. எனக்கு இனி கணக்குப் போட வேலை இல்லை. வெட்டி ஒட்டின ஷாஃப்ட்டை மட்டும் திரும்பப் போட்டுவிடாதீர்கள். பழைய ஷாஃப்ட் டிரம் பக்கத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கோபி வாய்க்கால் · கோபிசெட்டிபாளையம்

பார்த்தேனுங்க. முன் துண்டு பரண் மேல் கிடந்தது, பின் துண்டு இல்லை. வெட்டியது அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் பேசியாகிவிட்டது. இந்த வருஷத்து மஞ்சள் ஈரோடு மண்டிக்குப் போனதும் போர் வேலை தொடங்குகிறோம். அதுவரை வேன் இன்ஜின் வண்டிக்கு வெளியேதான் இருக்கும், மறுபடி மாட்டவில்லை. ஆத்தாவிடம் சொன்னேன், அது சாளைக்கு நடந்து போய்த் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்தது, மழை வரும் போல இருக்கிறதாம்.

லேத்து அண்ணா, போர் போட்ட பிறகு பிளாக்கை அளக்க நீங்களே வர முடியுமாங்க?

கணபதி லேத்து · கோவை

வர்றேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள், மற்ற நாளில் கடையை விட முடியாது. போர் கேஜும் டயல் கேஜும் நானே எடுத்து வருகிறேன். போர் போடுகிறவரிடம் பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகுதான் துளைக்கச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள். அந்த அட்டையை மழையில் நனையாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், போல்ட்டு போடும்போது தேவைப்படும்.